சீதனமாய் வந்த பெக்கார்ட்

ஓட்டமாவடியில் எல்லோரும் அதை நிஸ்தாரின் கார் என்றுதான் சொல்வார்கள். நிஸ்தாரும் மறுத்ததில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அதை ஓட்டுகிறவர் அவர். கழுவுகிறவரும், அடியில் சாக்கு விரித்துப் படுத்து நட்டு முறுக்குகிறவரும் அவரே. ஆனால் கார் அவருடையதல்ல, அவருடைய மனைவி றஸீனாவுடையது. றஸீனாவின் வாப்பா முஹம்மட் முதலாளி வீடு, வளவு, கிணறு, தென்னைகளோடு சேர்த்து அதையும் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்திருந்தார். தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பவன்.

நிஸ்தார் வந்து குடியேறியபோது பொலன்னறுவை பஸ்ஸில் சாரதி. ஏறாவூர்க்காரர். உடுத்த சாரனும் ஒரு தோல்பையுமாக வந்தார் என்று றஸீனாவின் சொந்தக்காரப் பெண்கள் கொஞ்சக் காலம் சொல்லித் திரிந்தார்கள். கார் அப்போதே பழசு. நாற்பத்தொன்பதாம் ஆண்டு செய்த பெக்கார்ட். பக்கமெல்லாம் உப்பி, வயிறு தள்ளி நிற்கும். ஊர்ப் பெண்கள் அதற்கு ‘வயித்துப்புள்ளக்காரி’ என்று பேர் வைத்திருந்தார்கள். முதலாளி அரிசி ஆலைக்குப் போய்வர வைத்திருந்த அந்தக் காரை மருமகன் கலியாணக் காராக்கினார். வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி என்று மாப்பிள்ளை ஊர்வலங்களுக்குப் போனது. ஒருமுறை பெரியகல்லாறு வரைக்கும் போய் வந்தது.

காரின் மூக்கில் சிறகை உயர்த்திக் கழுத்தை வளைத்தபடி வெள்ளி நிறத்தில் ஒரு பறவை நிற்கும். வாவியில் தினமும் பறவை பார்க்கிற சனம் அதை நீர்க்காகம் என்றது. இல்லை, கூழைக்கடா என்றும் சிலர் வழக்காடினார்கள். முஸ்லிம் கலியாணமென்றால் உருவம் தெரியக்கூடாதென்று றஸீனா அதற்கு வெள்ளை லேஞ்சித் துணி கட்டி விடுவாள். தமிழ்க் கலியாணமென்றால் அந்த வீட்டுப் பெண்கள் சந்தனம் பூசி மாலை போடுவார்கள். “அதுக்கு ரெண்டு மார்க்கமும் பழக்கம்” என்பார் நிஸ்தார்.

ஏறி உட்கார்ந்து வியர்க்கிற ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் அவர் ஒரே கதையைத்தான் சொல்வார்.

“அமெரிக்காவில ஜனாதிபதிமார் ஏறின கார் தம்பி. நல்லாச் சாஞ்சு இரிங்க. இன்டைக்கு நீங்கதான் ஜனாதிபதி. நாளைக்கு எப்பிடி என்டு மறுகாத்தான் தெரியும்.”

றஸீனா அந்தக் காரில் போனது ஆஸ்பத்திரிக்கும், சொந்தக்காரர் இறந்த மையத்து வீடுகளுக்கும்தான். அதுவும் பின் ஆசனத்தில். கார் தன்னுடையது என்ற நினைப்பு அவளுக்கு அடிக்கடி வருவதில்லை. தன் வீட்டுக் கிணறு தன்னுடையது என்று யார் தினமும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

நினைக்க வேண்டி வந்தது கடைக்குட்டி நஸ்ஹாவின் கலியாணப் பேச்சில். மூத்தது இரண்டும் ஆண்கள். இரண்டு பேரும் மனைவிமாரின் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆகவே வீடு நஸ்ஹாவுக்குத்தான். பின்வளவில் இரண்டு அறை கட்டிக்கொண்டு நிஸ்தாரும் றஸீனாவும் ஒதுங்குவதென்று முன்னமே முடிவு. இதில் யாருக்கும் வருத்தமில்லை. றஸீனாவின் உம்மாவும் வாப்பாவும் அப்படித்தான் ஒதுங்கினார்கள்.

மாப்பிள்ளை ஷிஹான் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கிறவன். நல்ல பொடியன். பேச்சுக்கு வந்தவர்களில் வாய் பெரிது அவனுடைய தாய்மாமன் அக்ரமுக்கு. ஆண்கள் முன் மண்டபத்தில் இருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள். றஸீனா வட்டிலப்பம் வெட்டித் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள். வீடு, வளவு, பின்வளவு எல்லாம் சுமுகமாகப் பேசி முடிந்தபிறகு, நிஸ்தாரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் அக்ரமின் குரல் கேட்டது.

“காக்கா, கொட்டிலுக்குள்ள ஒரு வாகனம் நிக்கிதே, அது உங்கடயா?”

“ஓம்” என்றார் நிஸ்தார்.

“இல்ல, உங்கட மாமனார் தந்தது என்டுதான் நான் கேள்விப்பட்ட. மாஷா அல்லாஹ், பொண்டாட்டிட சீதனத்தில ஏறி இருந்தே ஒரு மனிசன் மூணு புள்ளையும் வளத்திட்டார். எங்கட பொடியனுக்கும் அந்த பறக்கத்து கிடைக்கட்டும்!”

மண்டபம் சிரித்தது. அக்ரம் அதைப் பகிடியாகத்தான் சொன்னான். பேச்சு முடிந்த சந்தோஷத்தில் வாய் நீளுவது வழக்கம்தான். ஆனால் சிரிப்பு அடங்கு முன் நிஸ்தார் சொன்னார்:

“அந்தக் காரும் நஸ்ஹாக்குத்தான். வீட்டோட சேத்து எழுதிக்கங்க. எனக்கொண்டும் தேவல்ல.”

றஸீனாவின் கையில் கத்தி நின்றது. பக்கத்திலிருந்த ஷிஹானின் உம்மா இரத்தினக் கல் கிடைத்ததுபோல முகம் மலர்ந்து, “அல்ஹம்துலில்லாஹ், பெரிய மனசு” என்றாள். றஸீனா வட்டிலப்பத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அப்போது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மறுநாள் விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வந்த நிஸ்தார் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். றஸீனா பிளேன்டீயோடு கொட்டிலுக்குப் போனாள்.

“இஞ்சருங்க, நீங்க என்னத்துக்கு அப்பிடிச் சொன்ன?”

“எப்பிடி?”

“காரக் குடுக்கிற என்டு.”

“புள்ளைக்குத்தானே குடுக்கிற. ஊரானுக்கா?”

“புள்ளைக்கு என்டாலும் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.”

அவர் துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியைத் திரும்பவும் வாளிக்குள் போட்டார்.

“கேட்டிருக்கத்தான் வேணும். உன்ட சாமான்தானே. அதத்தானே அவனும் சபையில சொன்ன” என்றார்.

 றஸீனா தேநீரைக் காரின் எஞ்சின் மூடிமேல் வைத்துவிட்டு வந்தாள்.

அவள் அடுப்படியில் இருந்து யோசித்துப் பார்த்தாள். கார் போனால் இந்த மனிதர் என்ன செய்வார்? வயது அறுபத்திரண்டு. தறியும் தெரியாது, வயலும் தெரியாது, கடையில் இருந்து நிறுக்கவும் தெரியாது. காலையில் எழும்பினால் கொட்டில், பின்னேரமானால் கொட்டில். கொடுக்காமல் தடுக்க வேண்டுமென்றால் அவள் ஒருத்தியால்தான் முடியும். கார் என்னுடையது, அவருக்குக் கொடுக்க உரிமையில்லை என்று சபையில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அக்ரம் சொன்ன பகிடி உண்மையென்று அவளே முத்திரை குத்தியது போலாகும். காரைக் காப்பாற்றினால் மனிதரின் மானம் போகும். மானத்தைக் காப்பாற்றினால் கார் போகும். இரண்டில் எது போனாலும் அந்த மனிதர் பாதிதான் மிஞ்சுவார்.

அந்தக் கிழமையே ஷிஹானும் உம்மாவும் வீடு பார்க்க வந்தார்கள். ஷிஹான் சுவரையும் கூரையையும் பார்த்ததைவிடக் காரைத்தான் அதிக நேரம் சுற்றிப் பார்த்தான். கைப்பேசியில் படமெடுத்தான். பிறகு நிஸ்தாருக்குப் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்தான்.

“மாமா, இந்தக் கொம்பனி இப்ப இல்ல தெரியுமா?”

“இல்லையென்டா?”

“மூடி அறுவத்தஞ்சு வருஷத்துக்கு மேல. நான் தேடி வாசிச்ச. ஆயிரத்தி எண்ணூத்தி தொண்ணூத்தொன்பதில தொடங்கினவங்க. ஒரு காலம் அமெரிக்காவில பணக்காரனுக்குப் பணக்காரன்தான் இத வாங்கின. நீங்க சொல்ற ஜனாதிபதி கதை பொய்யில்ல. மறுகா நாட்டில பஞ்சம் வந்தவுடன தப்பிக்கிறதுக்காக விலை குறைஞ்ச கார் ஒண்டு செஞ்சிருக்காங்க. அதால கொம்பனி தப்பினது. பேர் கெட்டுப்போச்சு. கண்டவன்ட வாசல்லயும் நிக்கிற காரை நாம ஏன் வாங்க என்டு பெரிய ஆக்கள் வேற கொம்பனிக்குப் போயிட்டாங்க.”

“மானம் போனாப் போனதுதான்” என்றார் நிஸ்தார்.

“யுத்தத்தில விமான எஞ்சின் செஞ்சு குடுத்திருக்காங்க. யுத்தம் முடிஞ்சு நல்லா வித்தும் இரிக்கி. மத்தவன் புது எஞ்சின் கொண்டுவந்த நேரம் இவங்க பழசையே பிடிச்சிட்டு இருந்திட்டாங்க. கடைசியில நொடிஞ்சு கிடந்த இன்னொரு கொம்பனியோட சேந்து, அவங்கட காருக்கு இந்தப் பேர ஒட்டி வித்திருக்காங்க. அதையும் சனம் வாங்கல்ல. அம்பத்தெட்டோட பேரும் இல்ல.” அவன் சிரித்தான். “இன்னொரு பகிடி மாமா. இந்த மாதிரிக் கார அங்கயும் ‘கர்ப்பிணி யானை’ என்டுதான் நையாண்டி பண்ணியிருக்காங்க.”

கதவு நிலையில் நின்ற றஸீனாவுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அவளுக்கு வாப்பா சொன்னது நினைவில் வந்தது. கொழும்பில் ஒரு பெரிய வியாபாரி, உதிரிச் சாமான் இனி வராது என்று தெரிந்ததும் தலையைச் சுற்றி எறிந்த விலைக்கு இதை விற்றாராம். அந்தக் கொம்பனி செத்திருக்காவிட்டால் ஓட்டமாவடி அரிசி ஆலைக்காரனின் கைக்கு இது வந்திருக்காது. ஒரு பெரிய வீடு இடிந்ததில் கிடைத்த கதவு இது. கிடைத்த கதவைத்தான் இவ்வளவு காலமும் திறந்து மூடிப் பிழைத்திருக்கிறார்கள்.

“உள்ளுக்கு இரிக்கிற எஞ்சினும் பெக்கார்ட் இல்லத்தானே மாமா?” என்று ஷிஹான் கேட்டான்.

இல்லை. போர் நடந்த பிரச்சினைக் காலத்தில் பெற்றோலும் கிடையாமல், எஞ்சினும் இறுகிப்போய்க் கிடந்தபோது, வாழைச்சேனை மெக்கானிக் வினாயகமூர்த்தி பாஸ் ஒரு ஜப்பான் லொறியின் டீசல் எஞ்சினைப் பூட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஜனாதிபதிமார் ஏறின கார் லொறி போலத்தான் உறுமுகிறது. நிஸ்தார் எதையும் மறைக்காமல் சொன்னார்.

ஷிஹான் தயங்கித் தயங்கித் தன் எண்ணத்தை வெளியே விட்டான். ஹோட்டல் முதலாளியிடம் பேசியிருக்கிறான். வாசலில் கண்ணாடிக் கூரை போட்டு நிறுத்தலாம். எஞ்சினைக் கழற்றிவிட்டு உள்ளே விளக்குப் பூட்டினால் வெள்ளைக்காரர் வந்து படம் எடுப்பார்கள்.

“இஞ்ச கறல் பிடிச்சுச் சாகுது மாமா. அங்க என்டா ஒரு மழை படாது. நான் தினமும் பாத்துக்குவன்.”

அவன் சொன்னதில் பிழையில்லை. அதுதான் கஷ்டம். நிஸ்தார், “மகன், புள்ளைக்குக் குடுத்த சாமான். உங்கட விருப்பம்” என்றார். அவர்கள் போனபிறகு கொட்டிலுக்குப் போய்ச் சாரதி ஆசனத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சோறு ஆறும்வரை இறங்கவில்லை.

றஸீனா மகளிடம் கேட்டாள்.

“வாப்பாட கார எடுத்து பொம்மையாக்கப் போறாங்க. நீ ஒண்டும் சொல்லமாட்டியா?”

நஸ்ஹா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “நான் என்னத்தச் சொல்ற உம்மா? வாப்பா குடுக்கிறன் என்டு சபையில சொல்லிட்டார். இப்ப இல்லையென்டா, சொன்ன சொல்லு மாறினவன்ட மகள் என்டு சாகுமட்டும் எனக்குத்தான் சொல்லிக் காட்டுவாங்க. உங்களுக்கில்ல.”

“அவர் குடுக்கல்ல. என்ட சாமானக் குடுத்தார்.”

“அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே. வட்டிலப்பம் வெட்டிட்டுத்தானே இருந்தீங்க.”

 மகளின் மடியிலிருந்த ஒரு சாரனை எடுத்து றஸீனாவும் மடிக்கத் தொடங்கினாள்.

நாள் குறிக்கும் பேச்சு நோன்புக்கு முன்னால் நடந்தது. பள்ளிவாசல் பெரியவரான மரைக்கார் நடுவில் இருந்தார். பேசியதை எல்லாம் ஒருமுறை சபையில் சொல்லிக்காட்டி, இரண்டு பக்கமும் ஓம் என்ற பிறகுதான் திகதி வைப்பது. வீடு என்றார் மரைக்கார். ஓம் என்றார் நிஸ்தார். வளவு. ஓம். கிணற்றுக்குப் பின்வளவுக்காரருக்கும் பாதை. ஓம்.

“மறுகா, அந்தக் கார்.”

நிஸ்தாரின் ஓம் வரக் கொஞ்சம் சுணங்கியது. அந்தச் சுணக்கத்தைத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்த றஸீனா கேட்டாள். வேறு யாருக்கும் அது விளங்கியிருக்காது. தொண்டையைச் செருமுவது போலத்தான் இருந்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரையைக் கையால் பிடித்தாள்.

“மரைக்கார் மாமா, கார் என்ட. வாப்பா எனக்குத் தந்தது. நான் இன்னும் ஆருக்கும் குடுக்கல்ல. வீட்டக் குடுத்திருக்கன், வளவக் குடுத்திருக்கன். காரக் குடுக்கிறதென்டா நான்தான் சொல்லணும்.”

  அக்ரமுக்குத்தான் முதலில் வாய் வந்தது.

“பாத்தீங்களா, நான் அன்டைக்கே சொன்ன. காக்கா பொண்டாட்டிட சாமானத்தான் அள்ளிக் குடுத்திருக்கார்!”

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மரைக்கார் தாடியைத் தடவினார். “சீதனம் பொம்புளைட. அவ சொல்றதுதான் சட்டம்” என்றார். ஷிஹானின் உம்மா, “எங்களுக்கு வீடுதான் வேணும் ராத்தா, அந்தக் கிழட்டு வாகனம் என்னத்துக்கு” என்று றஸீனாவின் கையைப் பிடித்தாள். பிடியில் சூடில்லை. நிஸ்தார் இருந்த இடத்திலிருந்து எழும்பி, கிணற்றடிப் பக்கமாகப் போனார். திகதி வைத்தபோது அவர் சபையில் இல்லை. மூத்த மகன்தான் ஓம் சொன்னான்.

பெண்கள் எல்லோரும் போன பிறகு றஸீனா பாத்திரம் கழுவினாள்.  அவருக்காகத்தான் சொன்னேன் என்று தனக்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள். ‘கார் என்ட’ என்று சொன்னபோது நாக்கில் ஒரு இனிப்பு இருந்ததையும் அவளால் மறுக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

“உங்களுக்காகத்தான் சொன்ன” என்று அடுத்த நாள் அவரிடம் சொன்னாள்.

“எனக்காக என்டா என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே” என்றார் அவர்.

தான் சொன்ன சொல்லையே தனக்குத் திருப்பித் தந்துவிட்டுப் போகிறார் என்று அவளுக்கு விளங்கியது.

நஸ்ஹாவின் கலியாணத்தன்று மாப்பிள்ளை வெள்ளை நிறத்தில் ஒரு புதுக் காரில் வந்தான். ஏறாவூரிலிருந்து வாடகைக்குப் பிடித்ததாம். சத்தமேயில்லாமல் வந்து நின்றது. கொட்டிலில் பெக்கார்ட் தறப்பாளால் மூடிக் கிடந்தது. நிகாஹுக்கு நிஸ்தார் பள்ளிக்கு நடந்துதான் போனார். வழியில் எத்தனையோ பேர், “என்ன காக்கா, சொந்த மகள்ட கலியாணத்துக்குக் கார் ஓடல்லையா?” என்று கேட்டார்களாம். “எஞ்சின் வேல” என்றாராம். ஷிஹான் பெரிதாக எதையும் காட்டவில்லை. மாமி என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறான். காரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நஸ்ஹாவும் பேசுவதில்லை.

பின்வளவுக்குக் குடி மாறிய பிறகும் நிஸ்தார் கொட்டில் பக்கம் போகவில்லை. பள்ளிக்குப் போனார், வந்தார், வாவிக்கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஓட்டம் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்றார். ஒரு நாள் வாழைச்சேனையிலிருந்து உதயரூபன் என்ற தமிழ்ப் பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். தங்கச்சி தக்ஷாயினிக்குக் கலியாணம்.

“நிஸ்தார் காக்கா, எங்கட அம்மாவும் அப்பாவும் உங்கட கார்லதான் ஊர்வலம் போனவங்க. தங்கச்சி ஒரே பிடி. இந்தக் கார்தான் வேணுமாம்.”

நிஸ்தார் வெற்றிலையைத் துப்பினார். “அது என்ட கார் இல்ல தம்பி. முதலாளி உள்ளுக்கு இரிக்கா. அவவக் கேளுங்க.”

உதயரூபன் பகிடியென்று நினைத்துச் சிரித்தான். பிறகு நிஸ்தாரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். அடுப்படியில் நின்ற றஸீனா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். திகதியைக் கேட்டாள். ஓம் என்றாள். பொடியன் போனபிறகு, முற்றத்தில் நின்றபடியே, வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்:

“வெள்ளிக்கிழமை விடிய ஒரு ஓட்டம் இரிக்கி. சாரதி கிடைப்பாரா?”

நிஸ்தார் எழும்பிச் சாரனை உதறிக் கட்டினார்.

“கிடைப்பார்” என்றார் பிறகு. “சொல்ற இடத்துக்கு ஓட்டுவார். கதை சொல்லமாட்டார்.”

வெள்ளிக்கிழமை அவர் போனார். தக்ஷாயினியின் வீட்டுப் பெண்கள் பறவைக்குச் சந்தனம் வைத்தார்களாம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஜனாதிபதி கதையைக் கேட்காமலேயே ஊர்வலம் போய் வந்தார்கள். பின்னேரம் திரும்பியதும் நிஸ்தார் காரைக் கொட்டிலில் விட்டுவிட்டு, காரின் திறப்புச் சாவியைக் கொண்டுவந்து அடுப்படிச் சுவரில் அரிதட்டுக்குப் பக்கத்து ஆணியில் கொளுவினார். இவ்வளவு காலமும் அவருடைய சட்டைப் பையை விட்டு அது வெளியே வந்ததை றஸீனா பார்த்ததில்லை.

“பையில வச்சிக்கங்களேன்” என்றாள்.

“முதலாளிட சாமான் முதலாளி வீட்டில இரிக்கட்டும்.”

அதற்குப் பிறகு எத்தனையோ ஓட்டம் வந்துவிட்டது. ஓட்டமில்லாத நாளில் அவர் காரைக் கழுவுகிறார், எண்ணெய் பார்க்கிறார், ஒரு வேலையிலும் குறையில்லை. முடிந்ததும் திறப்பு ஆணிக்கு வந்துவிடும். போன மாதம் ஒரு பின்னேரம் அவர் தொழப் போன நேரம் பார்த்து றஸீனா அதை எடுத்துப்போய்க் காரிலேயே, ஓட்டுகிற இடத்தில் சொருகிவிட்டு வந்தாள். காலையில் தேங்காய் துருவ உட்கார்ந்து நிமிர்ந்தபோது, திறப்பு ஆணியில் தொங்கியது.